மந்திரித்த பிராசஸர்

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் புழங்க மாட்டோம். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பைக், போர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் அப்படித்தான் வேலையைத் தொடங்கும். ஆனால் கம்ப்யூட்டர் பிராசஸரை மந்திரித்த வீடு எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை, அதாவது மானக்கேடு, என்னையே சேரும்.

கொரோனா காலத்தில் ஆபிஸ் வேலையை வீட்டில் இருந்த கம்ப்யூட்டரில்தான் செய்தேன். சத்தம் போடாமல் இருக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பிறகு தினமும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போக ஆரம்பித்தும், சாயங்காலம் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மிச்ச வேலையைப் பார்க்கிறேன் என்றே அம்மா நினைத்தார். நான் பார்த்ததோ துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. முப்பதைத் தாண்டியவன் அதை எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது. எதிரி வரும் நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். எரிச்சலில் மேசையைக் குத்துவேன். அதைப் பார்த்த அம்மா, குவைத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். "தம்பிக்கு மிசினு நின்னு நின்னு போகுது ஆத்தா. வேலை கெடுது." பழைய போர்டுக்குப் பொருந்துகிற பிராசஸரில் வேகமானது எது என்று அக்கா கேட்டாள். நானும் கூச்சமில்லாமல் விவரம் அனுப்பினேன். லீவில் வந்தபோது துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கேபினட்டைத் திறந்தேன். பழையதைக் கழற்றி, புதியதை மூலைக் குறி பார்த்து உட்காரவைத்து, மேலே சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, ஃபேனைத் திருகி முடுக்கினேன். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடலாம் என்று திறந்தபடியே ஆன் செய்தேன். அப்போது வாசலில் அம்மாவின் குரல். "வாங்க சாமி, இங்கிட்டுத்தான்." பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை மந்திரிக்க வந்த சாமியாரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

சாமியார் இந்த வீட்டின் உழைப்பை ஆசீர்வதிக்கும்படி ஜெபித்துவிட்டுத் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். உள்ளே கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து கேபினட்டின் மேல் கவிழ்ந்தேன். தீர்த்தமெல்லாம் என் முதுகில் விழுந்தது. பெற்ற மகன் தீர்த்தத்துக்கு முதுகைக் காட்டுகிறானே என்று அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"கரண்டு இருக்கு சாமி" என்றேன். சாமியார் சிரித்துவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆன் ஆனதும் தானாகத் திறக்கும்படி நானே வைத்திருந்த விளையாட்டு, திரை முழுக்க வந்து நின்றது. துப்பாக்கி, ரத்தம், ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு என் போட்டோ.

"இதுதாங்க சாமி அவன் வேலை. ஆபிஸ் விட்டு வந்தும் விடாமப் பாக்குறான்" என்றார் அம்மா.

சாமியார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாப் பாருங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்குக் கூசிப்போயிற்று.

அப்படியும் சாயங்காலம் விளையாட உட்கார்ந்தேன். என் லட்சணம் அவ்வளவுதான். படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. நடுவில் ஹெட்போனைக் கழற்றியபோது அடுப்படியில் முணுமுணுப்புக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு அம்மா உதட்டுக்குள்ளேயே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் அக்கா, அதே தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சத்தமாவே சொல்லும்மா" என்றேன்.

"வேணாம்ப்பா, நீ போயி வேலையப் பாரு. இன்னைக்கு ஜெபமாலைய ஒனக்காகத்தான் ஒப்புக்குடுக்குறோம்."

அக்கா தலை நிமிரவில்லை. விட்ட இடத்திலிருந்து, இன்னும் மெதுவாக, சொல்லத் தொடங்கினாள்.