மன்னிப்பு பன்

காலையில் சோயா சாஸ் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது, மதியத்துக்கு மேல் கம்பெனி அணிக்காக டேபிள் டென்னிஸ் ஆடுவது. பதிமூன்று வருடமாக ஹதானோ சிகுசாவின் பிழைப்பு இதுதான். ஆறு வயதில் மட்டை பிடித்தவள், தேசிய அணியின் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பியவள். ஆனாலும் உபே நகரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தவர் தபால்காரர் ஒருவர்தான். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற மனிதர்.

புகழ் வந்தது போன வருடம். ஹிரோஷிமாப் பள்ளி மாணவி கொதோஹாவுக்கு எதிராகப் பத்துக்குப் பூஜ்யம் என்று முன்னணியில் இருந்தாள். அந்த நிலையில் ஒரு பந்தை வேண்டுமென்றே வெளியே அடித்து எதிராளியின் மானத்தைக் காப்பாற்றுவதுதான் மரியாதை. சிகுசாவும் சர்வீஸை நீளமாகத்தான் போட்டாள். பாழாய்ப்போன பந்து மேஜை விளிம்பை உரசிவிட்டுப் போனது. பதினொன்றுக்குப் பூஜ்யம், செட் முடிந்தது! பதறிப்போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டவள், மேஜையில் நெற்றியை ணங்கென்று இடித்துக்கொண்டாள்.

மறுநாளே இனிப்புப் பெட்டியோடு ரயிலேறினாள். பெட்டியை வாங்கிக்கொண்ட கொதோஹா, “அடுத்த தடவை நான் பத்துக்குப் பூஜ்யம்னு முன்னால இருந்தா உங்களுக்கு ஓசி பாயிண்ட் கிடையாதுக்கா” என்றாள்.

அதற்குள் அவள் நெற்றியை இடித்துக்கொண்ட வீடியோ நாடெல்லாம் பரவிவிட்டது. மிட்டாய்க்கடை தோகுஜிரோ, நெற்றியில் பள்ளம் விழுந்த பயறு பன் போட்டு ‘மன்னிப்பு பன்’ என்று விற்க ஆரம்பித்தார்.

“ஏம்மா சிகுசா, பன் எல்லாம் காலி. இன்னொரு தடவை இடிச்சுக்கயேன்!”

“உங்க தலையக் குடுங்க மாமா, இடிச்சுத் தரேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளே எரிந்தது. இருபத்தாறு வருட ஆட்டத்தில் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நெற்றி! மார்ச்சில் அணியை விட்டு விலகப் போகிறாள். அதற்குள் தன் ஒரே ஒரு அடிக்காவது ஜனங்கள் கைதட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

கடைசி ஆட்டம் உள்ளூர் அரங்கில் நடந்தது. எதிரே அதே கொதோஹா, ஒரு வருடத்தில் புயலாக மாறியிருந்தாள். கடைசி செட்டில் சிகுசா பூஜ்யத்துக்குப் பத்து என்று பின்தங்கினாள். சர்வீஸ் கொதோஹாவுடையது. கொதோஹா பந்தை வெளியே அடிப்பாள், சிகுசா மறுபடி குனிவாள் என்று ஜனங்கள் கைப்பேசிகளைத் தூக்கினார்கள்.

கொதோஹா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அசல் சர்வீஸ், மின்னல் வேகம். சிகுசாவின் கை யோசிக்கவில்லை, வலது பக்கம் நேர்கோட்டில் ஓங்கி அறைந்தது. கொதோஹா பாய்ந்தும் எட்டவில்லை. பந்து விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே சுத்தமாக விழுந்திருந்தது.

பழக்கதோஷத்தில் சிகுசா குனியப் போனாள்.

“அக்கா, நிமிருங்க! இது நீங்க அடிச்சது!” என்று கத்தினாள் கொதோஹா.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த பந்தில் சிகுசா தோற்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை தோகுஜிரோ தயங்கித் தயங்கிக் கேட்டார். “பன்ல அந்தப் பள்ளத்த எடுத்துடவாம்மா?”

“இருக்கட்டும் மாமா. பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு எள்ளு வைங்க. அது என் பாயிண்ட்.”