பதினேழாவது பெண் வெளியேறிய காரணம்

வீடு இருக்கும் கிழக்குக் கோட்டையிலிருந்து அலுவலகம் இருக்கும் கழக்கூட்டம் வரை பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரே தொடர்கதையின் மூன்று புத்தகங்களை அந்தப் பயணங்களில்தான் படித்தேன். அலுவலகத் தோழி கொடுத்தவை. பதினாறு வயதுக்காரிகள் படிக்கிற கதை என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். எனக்கு அப்போது இருபத்தாறு.

கதை இதுதான். மழை நின்றுபோன ஒரு நாடு. தண்ணீர்ப் பங்கீட்டு அட்டையின் நிறத்தை வைத்து மனிதர்களுக்குத் தரம். இளவரசனுக்குப் பெண் தேட இருபத்துநான்கு பெண்களை அரண்மனைக்கு வரவழைக்கிறார்கள். வாரம் ஒருத்தி, சில வாரம் இரண்டு பேர், வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கடைசியில் நிற்பவள் ராணி.

கேலியாகத்தான் தொடங்கினேன். முதல் புத்தகத்தின் பாதியிலேயே மரியாதை வந்துவிட்டது. எழுதியவர் தான் போட்ட விதி எதையும் தன் வசதிக்காக மீறவில்லை. வெளியேறும் ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் அரண்மனை எதற்கெல்லாம் பயப்படுகிறது என்று தெரிந்துவிடும். காதல் காட்சிகளும் இருந்தன. அவையும் நன்றாகவே இருந்தன. இரண்டு முறை இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

மருத்துவமனைகள் பயன்படுத்தும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. திரையில் ஒரு மருந்தின் அளவு தவறாக வந்தால், அது நோயாளியிடம் போவதற்குள் நான் பிடித்தாக வேண்டும். பிழை கிடைத்தால் எண், இடம், காரணம் என்று அட்டவணையில் ஏற்றுவேன். அந்தப் பழக்கத்தில் வெளியேறிய பெண்களுக்கும் ஓர் அட்டவணை போட்டேன். ஐந்து: சத்தமாகச் சிரித்தாள். ஒன்பது: இளவரசனைவிட நன்றாகக் குதிரை ஓட்டினாள். பதினேழு: வேலையை விடமாட்டேன் என்றாள். பதினேழாவது பெண் தன் ஊரில் கிணறு தோண்ட இடம் பார்த்துச் சொல்பவள். கதாநாயகியைவிட எனக்கு அவளைத்தான் பிடித்தது.

அதே மாதம் நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணமானதும் பெண் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார். விடுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்தப் பேச்சே எழாமல் பார்த்துக்கொள்வது என்று அம்மா முடிவு செய்திருந்தாள்.

"அவா வந்து பாத்துட்டுப் போகட்டும். ஜோலி விஷயமெல்லாம் பின்னே பறயலாம், கேட்டியா? நீ ஒண்ணும் மிண்டாதே" என்றாள் எங்கள் ஊர் மலையாளம் கலந்த தமிழில். பறயலாம் என்றால் சொல்லலாம், மிண்டாதே என்றால் வாயைத் திறக்காதே.

ஜாதகத்தையும் பயோடேட்டாவையும் பென்டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். என் அட்டவணையும் அதில் இருந்ததை மறந்துபோனேன். அப்பா பழவங்காடியில் பிரிண்ட் எடுக்கும் ஒரு கடையில், உள்ளே இருப்பதெல்லாம் ஒரு காப்பி என்று சொல்லியிருக்கிறார். வந்த மூன்று தாள்களையும் சேர்த்துப் பின் அடித்துத் தபாலில் அனுப்பிவிட்டார். மூன்றாவது தாளை ஏதோ அலுவலகச் சான்றிதழ் என்று நினைத்தாராம்.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது எங்களுக்குத் தெரிந்தது. பையனும் அவர் அம்மாவும் தம்பானூரில் ரயிலிறங்கி ஆட்டோவில் வந்தார்கள். அந்த மாமி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். காபி குடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"ஜாதகம் பாத்தாச்சு. பயோடேட்டாவும் பாத்தாச்சு. இது என்னன்னுதான் ஒரு வாரமா யோசிக்கிறேன். இருபத்திமூணு பொண்ணு, ஒவ்வொருத்தியையும் ஏன் வேண்டாம்னான்னு எழுதியிருக்கு. தரகரோட லிஸ்டா? இதுல உங்க பொண்ணு எத்தனாவது நம்பர்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"அது ஒரு கதைப் புஸ்தகத்துல வர்றது, மாமி" என்று கதையை நான்கு வாக்கியத்தில் சொன்னேன்.

"கதைக்கா டேபிள் போட்டே?" மாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். "நன்னாத்தான் போட்டிருக்கே. பன்னண்டுக்கும் பத்தொம்பதுக்கும் ஒரே காரணம் இருக்கே, அது செரியா?"

"செரிதான் மாமி. ரெண்டு பேருமே விருந்துல அழுதுட்டா."

பையன் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அந்த ராஜகுமாரன் ஒண்ணுமே பேச மாட்டானா?"

"மூணாவது புஸ்தகத்துலதான் பேசறான்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு. மறுக்கப்போகிற எனக்கு அது கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

மாமியின் விரல் தாளில் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. "பதினேழு. வேலைய விடமாட்டேன்னதுக்கா அனுப்பிட்டா? அப்படி என்ன வேலை?"

"கெணறு தோண்ட எடம் பாக்கறது."

"மழையே இல்லாத ஊர்லயா? அவளைன்னா கையோட வச்சுண்டிருக்கணும்!"

இதைவிட நல்ல இடம் வாய்க்காது என்று தோன்றியது. அம்மாவின் பக்கம் திரும்பாமல் சொன்னேன். "நானும் விடறதா இல்லை, மாமி."

மாமி தாள்களை மடித்தார். மகனைப் பார்த்தார். அவர் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு மஸ்கட்தான். அதுல மாத்தமில்லை" என்றார் மாமி. பிறகு, "இப்பவே சொன்னியே, அதுவும் நல்லதுக்குத்தான்."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது மட்டும் ஒன்று கேட்டார். "அந்த முதல் புஸ்தகம் ஆத்துல இருக்கா?"

கொடுத்தேன். அது தோழியுடையது, அவளுக்கு வேறொன்று வாங்கித் தந்தேன்.

சாயங்காலம் அம்மா, வரன்களுக்கென்று வைத்திருக்கும் நீள நோட்டை எடுத்தாள். ஊர், நட்சத்திரம், உத்தியோகம், கடைசியில் என்ன ஆயிற்று. கடைசிக் கட்டத்தில் எப்போதும் 'பொருந்தவில்லை' என்றுதான் எழுதுவாள். அன்று பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, 'பெண் வேலையை விடமாட்டாள்' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் தரகர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"முதல்லயே ஒண்ணு பறஞ்சுடறேன், கேட்டேளா" என்றாள் அம்மா. "பொண்ணு ஜோலிய விடமாட்டா. அதுக்குச் சம்மதம்னா மட்டும் ஜாதகம் அனுப்பச் சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கெணறு பாக்கற பொண்ணு இருக்காளே, ஊருக்குப் போய் என்ன ஆனா?"

"ரெண்டாவது புஸ்தகத்துல அரண்மனைக் கெணறு வத்திப் போறது அம்மா. அனுப்பினவாளே அவளைத் தேடிண்டு வருவா."