வேற்றுக்கிரகவாசிகளுக்குக் குரல் தந்த ரோஸ்லின்

பஸ் ஏற்காடு மலையேறிக்கொண்டிருந்தபோது ரோஸ்லினின் கணவர் அந்தோணி போன் செய்தார். "ரோஸ்லின் தவறிட்டாளுங்க. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போய்ச் சேரலைங்க." அன்று ரோஸ்லின் படித்துப் பதிவுசெய்யவேண்டிய கடைசி அத்தியாயம் என் பையில் இருந்தது. அடப்பாவமே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

உங்களுக்கு அவர் நாகலூர்த் தையல்காரர். உங்கள் பிள்ளைகளுக்கு வேற்றுக்கிரகவாசி. காபித் தோட்டத்தில் பறக்கும் தட்டை இறக்கிவிட்டு, மறுபடி கிளப்பத் தெரியாமல் விழிக்கும் மூவரைப் பற்றி நான் எழுதிய ஒலிப்புத்தகம் முழுக்க அவர் குரல்தான். "ஏனுங்க காட்டெருமைங்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி நிறுத்தோணும்" என்று அவர் படித்தபோது நான் சிரித்துப் பதிவைக் கெடுத்தேன். "எழுதுனவரே சிரிச்சா எப்படிங்க? வாயில துணிய வெச்சுக்கங்க" என்று அதட்டினார்.

பதிவு நடந்தது எஸ்டேட் காபிக் கிடங்கில். சுற்றிலும் மூட்டைகளை அடுக்கினால் எதிரொலி வராது என்பது அவர் கண்டுபிடிப்பு. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அந்தோணி சாவி கொடுப்பார். மூட்டைகள் விற்பனைக்குப் போனதும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கடைசி அத்தியாயத்துக்காக அடுத்த அறுவடை வரை காத்திருந்தோம்.

அதில் ஒரு சண்டையும் பாக்கி இருந்தது. ஊருக்குத் திரும்பும் மூவரும் "நாங்க போறோமுங்க" என்று விடைபெறுவதாக எழுதியிருந்தேன். படிக்கவே மாட்டேன் என்றார். "ஊட்டை விட்டுக் கிளம்பறப்ப யாருங்க அப்படிச் சொல்லுவாங்க? 'போய்ட்டு வர்றோம்'னு மாத்துங்க." அவர்கள் திரும்பி வரப்போவதில்லையே என்றேன். "கதை உங்களுதுங்க. சொல்றது என்ற வாயி." நேரில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் அன்று பஸ் ஏறினேன்.

அடக்கம் முடிந்த சில வாரங்களில், பதிப்பகத்தார் பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரில் அவர் குரலையே உருவாக்கி, அந்த அத்தியாயத்தை அனுப்பினார்கள். அந்தோணி சம்மதித்தால் வெளியிடலாமாம். அவருக்குப் போட்டுக் காட்டினேன். அச்சு அசல் ரோஸ்லின். "நாங்க போறோமுங்க" என்றது.

அந்தோணி என் போனைக் கவிழ்த்து வைத்தார். "ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்தறப்பகூட 'வந்தர்றேன்'னுதானுங்க சொன்னா" என்றார்.

வேண்டாம் என்று பதிப்பகத்துக்கு எழுதினேன். வரியை மாற்றித் தருகிறோம் என்றார்கள். மாற்றி என்ன? சொல்ல அந்த வாய் வேண்டாமா? முடிவில்லாத புத்தகத்தை எப்படி விற்பது என்று இன்னும் கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும்.

ரோஸ்லினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தை. கடைசி அத்தியாயத்தை இனி யாரும் படிக்கப்போவதில்லை. பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: வந்தவர்கள் கிளம்பவில்லை. தட்டு இன்னும் நாகலூர்க் காபித் தோட்டத்தில்தான் நிற்கிறது.