பூவுக்கு ஒன்றும் தெரியாது

கணக்கு டீச்சர் பொன்னழகுக்குக் கல்யாணம் முடிவான கதையைச் சொல்லிச் சொல்லிக் காரைக்குடியில் வெகுநாள் சிரித்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவள் காலேஜில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். செக்காலையில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சத்தியமூர்த்தி பெண் கேட்டு வந்தான். சொந்தக்காரப் பையன்தான். அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. அப்பா உடையப்பனுக்கும் அவன்மேல் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மனுசன் பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு மாடுகூட வாங்க மாட்டார்.

மல்லி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கோயிலுக்கு வந்த ஏதோ ஒரு குழந்தை எடுத்தது. சிவப்பு. முன்பே கேட்டு வந்திருந்த கீழச்சிவல்பட்டி மாப்பிள்ளைக்கே சொல்லி அனுப்பலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டார் உடையப்பன்.

பொன்னழகு விடுவாளா? "ஒரே ஒரு தடவை எடுத்துட்டு முடிவு கட்டிட்டீகளேப்பா. காசைச் சுண்டினாலும் பாதிக்குப் பாதி இப்படி விழும். பூவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே முதல்ல வச்சுக்கிடுவோம். அது தப்புன்னு பூவே காட்டட்டும். விடை தெரிஞ்ச கேள்வியா அஞ்சு கேளுங்க. அஞ்சும் சரியா வந்தா, நீங்க சொல்ற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுறேன். ஒண்ணு தப்பினாலும் சத்தியமூர்த்திதான். இப்பவே பேசிக்கிடுவோம், அப்பறம் மாத்தக் கூடாது."

சாமியையே சோதிப்பதா என்று முனகினாலும் உடையப்பனுக்கும் உள்ளுக்குள் ஆசை தட்டிவிட்டது. "சரி ஆத்தா. ஆனா உங்கம்மா எடுக்கட்டும். பொய் சொல்லத் தெரியாத ஆளு."

அம்மா மீனம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? வெள்ளை. காரைக்குடியில கடல் இருக்கா? சிவப்பு. பொன்னழகு சிரித்தாள். சூரியன் மேற்கே உதிக்குமா? சிவப்பு. சிரிப்பு நின்றுபோனது. இவ பேரு பொன்னழகா? வெள்ளை.

ஒன்றுமே தெரியாத பூவும் முப்பத்திரண்டில் ஒரு தடவை அஞ்சையும் சரியாகச் சொல்லிவிடும் என்று பொன்னழகே கணக்குப் போட்டிருந்தாள். அந்தப் பாழாய்ப்போன ஒரு தடவை இன்றைக்கா வந்து தொலைய வேண்டும்? தூணைப் பிடித்துக்கொண்டாள். உடையப்பன் மீசையை நீவிக்கொண்டு, தோற்கவே முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டார்.

"மீனம்மா என் பொஞ்சாதியா?"

சிவப்பு.

பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். "அப்ப இத்தனை வருசமா நான் யாருக்குச் சோறாக்கிப் போட்டேனாம்?" என்றாள் மீனம்மாள். உடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூவுக்கு ஒண்ணும் தெரியலைத்தா" என்று ஒப்புக்கொண்டார். தை பிறந்ததும் கல்யாணம்.

பொன்னழகு டீச்சரான பிறகு ஒருநாள், அம்மா பூத் தொடுக்கிறபோது அந்தப் பேச்சு வந்தது. "மயிரிழையில தப்பிச்சேன்மா" என்றாள்.

"மல்லி பொட்டலத்துக்குள்ள இருந்தா மூக்குக்குத் தெரியாதாடி?" என்றாள் மீனம்மாள்.

பொன்னழகு பூக்கூடையைத் தள்ளி வைத்தாள். "அப்ப முதல் கேள்வியிலேயே தப்பா எடுத்திருக்கலாம்ல? என் உசுரே போச்சே."

"முதல்லயே தப்பினா, கட்டினது சரியில்லைன்னு மறுபடி கட்டச் சொல்லுவாக. நாலு சரியா வந்ததும் மனுசர் மீசையை நீவினாக பாத்தியா? கட்டினது சரிதான்னு அவுகளே நம்பிட்டாக, அதுக்கப்பறம் பேச்சு மாற முடியாது." சரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். "ஆனா அந்தக் கேள்வியையா கேப்பாக? நான் அவுகளுக்குப் பொஞ்சாதி இல்லைன்னு என் கையாலேயே எடுக்கும்படி ஆயிருச்சேடி."

அன்றிலிருந்து வகுப்பில் பொட்டலம் வைத்துச் சோதனை காட்டும்போதெல்லாம், எடுக்கிற பிள்ளையின் மூக்கைத்தான் பொன்னழகு முதலில் பொத்துவாள்.