ஆண்டவரிடம் பேரம் பேசியவன்

டவுன்ஷிப்பில் ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்பவர்களிடம் பழைய சாமான் வாங்கி விற்கிறவனுக்கு வாய்தான் மூலதனம்; எனக்கோ அந்த வாய் ஜெபத்திலும் அடங்கியதில்லை. ஆண்டவரிடமே குறைத்துக் கேட்டு மாட்டிக்கொண்ட விசுவாசிகளே, இது உங்களுக்குத்தான்.

டீச்சரம்மா பீரோ

எங்கள் சபை டீச்சரம்மா வெள்ளிக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். மாடி வீடு, தேக்கு பீரோ. பாதி விலை சொல்லி, காலையில் முழங்கால் போட்டுக் கேட்டேன், கர்த்தருடைய சித்தம் இந்த விலைதான் என்று ஒரே போடாகப் போட்டேன். டீச்சரம்மா கேட்ட விலைக்கே என்னை வாங்க வைத்த பதில் இது: "நானும்தான் தம்பி ஜெபம் பண்ணேன். எனக்கு வேற விலை சொன்னாரே."

நசுங்கின ஃப்ரிட்ஜ்

செல்வம் பதினோரு வருஷமாக எனக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். திங்கட்கிழமை, பீரோவை இறக்கும் முன், டீச்சரம்மாவிடமே வாங்கிய ஃப்ரிட்ஜை நான் அதட்ட அதட்ட அவன் இறக்கும்போது படி வளைவில் இடித்துக் கதவு நசுங்கியது. பிளாக்கே எட்டிப் பார்க்கக் கத்தினேன். என்னை விட்டால் உனக்குச் சோறு ஏது என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவன் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வேறு ஆளைக் காட்டும் ஆண்டவரே என்று மூன்று நாள் உபவாசம். வந்த இரண்டு பேரும் பீரோவைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். வியாழக்கிழமை பாஸ்டரிடம் போய், தேவசித்தம் புரியவில்லை, ஜெபியுங்கள் என்றேன். அவர் கண்ணையே மூடவில்லை. "புரியாம நீங்க வரல பிரதர். புரிஞ்சதைக் கொஞ்சம் குறைச்சுக்குவாரான்னு கேக்க வந்திருக்கீங்க."

அதே மாடிப்படி

அன்று மாலையே செல்வத்தின் ஊரான கம்மாபுரம் போனேன். சோற்றைச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்பு, ஃப்ரிட்ஜ் கணக்கில் வராது என்று வழியெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன். செல்வம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திட்டினது மாடிப்படியில், மன்னிப்பு மட்டும் வூட்டுக்குள்ளயா என்றான். சுர்ரென்று ஏறியது. வண்டியைக் கிளப்பிவிட்டேன். பாஸ்டர் சொன்னது பாதி வழியில் உறைத்தது. திரும்பிப் போய், நாளைக்கு அங்கேயே சொல்கிறேன், வா என்றேன்.

வெள்ளி காலை, எல்லாக் கதவும் திறந்திருக்க, "செல்வம், நான் பேசினது எல்லாமே தப்பு. மன்னிச்சுடு" என்றேன். பீரோ ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. டீச்சரம்மா சாவியோடு ஆபீசுக்குக் கிளம்பினார். கயிற்றை முடிச்சுப் போட்டபடி செல்வம் சொன்னான்: "கோவம் வந்தா கீழ எறங்கினதும் கத்துங்கண்ணா. படியில நீங்க கத்திகினே இருந்தா எனக்குக் கை நடுங்குது."

தேவசித்தம் என்னவென்று இருபது வருஷமாக உருகி உருகிக் கேட்டவனுக்கு, சாமான் தரையிறங்கும் வரை வாயை மூடிக்கொண்டு நில் என்பதுதான் பதில். இதுவரைக்கும் முக்கால் படி வரை வாயை மூடி நின்றிருக்கிறேன்.