அரிசித் தட்டில் என் மூக்கு

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பிரெஞ்சு ஓவியர் இருந்தார். வாய் என்றால் அப்படியொரு வாய்! பாரிஸில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போட்டே வாழ்ந்தவர். ஒரு மந்திரியின் தலையைப் பூசணிக்காயாக வரைந்ததில் வேலை போனது. பிறகு டென்மார்க் பெண்ணொருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, கடலை வரையத் தொடங்கியிருக்கிறார். "எப்பிடி வரைஞ்சாலும் கடலுக்குக் கோவம் வராது, அதுதான் அலுத்துப்போச்சு" என்பார். அவர் பேசியதை என் தமிழில்தான் எழுதுகிறேன். எங்கள் இருவருடைய டேனிஷும் ஒரே அளவுக்கு நொண்டும். அதனால் நன்றாக ஒத்துப்போனது.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் பழகுங்கள் என்று எல்லோரும் சொல்லிக் களைத்தோம். ஒரு கோடு போடுவார், உடனே தாளைக் கசக்கி எறிவார். "ஊரையெல்லாம் நக்கலடிச்சவன், இந்தக் கிறுக்கலை ஆருக்குக் காட்டுறது?" பிறகு பேனையைத் தொடுவதையே விட்டார். அதோடு அவருடைய நக்கலும் நின்றுபோனது. ஆள் இப்படியே அடங்கிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சரஸ்வதி பூசை முடிந்த கையோடு, தங்கச்சியின் மகளுக்கு அரிசியில் முதலெழுத்து எழுதவைத்து ஏடு தொடக்கிய கதையை அவருக்குச் சொன்னேன். விளங்கவில்லை என்றார். சமையலறையிலிருந்து ஒரு தட்டில் அரிசி கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, "இப்பிடித்தான்" என்று விரலைப் பிடித்து அழுத்தினேன். பிடித்தது வலது கையை. ஏடு என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு கை நினைவுக்கே வராதே! விறைத்த விரல் அரிசிக்குள் சும்மா கிடந்தது. ஐயோ, என்ன வேலை பார்த்தேன்! கண்ணாடி நழுவ, அவசரமாய் அந்தக் கையை விட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே இடது கையை அரிசிக்குள் விட்டார். கோணலாய் ஒரு கோடு, உள்ளங்கையால் அழித்தார். இன்னொன்று, அதையும் அழித்தார். கசக்கி எறிய அங்கே ஒன்றும் இல்லை. மெல்ல மெல்ல ஒரு முகம் வந்தது: திறந்த வாய், நழுவும் கண்ணாடி, தட்டின் விளிம்புவரை நீண்ட மூக்கு. நான்தான்!

"என்ரை மூக்கு இவ்வளவு பெரிசே?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் என்ன கேட்டேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மூக்குக்கு இவ்வளவு அரிசி காணாது" என்றார். "பேப்பர் கொண்டு வா."