மச்சில் ஆள் உண்டா?

கல்ஃபில் நான் வேலை பார்க்கும் சோஹாரில் எனக்கு நிறைய வீடுகள் தெரியும். ஆனால் அந்த வீட்டு மனிதர்களின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். ஓடு போட்ட வில்லாக்களில் ஓட்டுக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவே ஓர் இருட்டு உண்டு. நாம் மச்சு என்போமே, அது. அதற்குள் ஊர்ந்து போய், வெக்கை கீழே இறங்காதபடி கிளாஸ்வுல் என்கிற கண்ணாடிப் பஞ்சை விரிப்பது என் பிழைப்பு. கீழே தட்டு நகரும், குழந்தை சிரிக்கும், டிவியில் செய்தி ஓடும். உட்கூரையைத் தாங்கும் மரக்கட்டை ஒன்றிலிருந்து அடுத்த கட்டைக்கு நான் காலை மாற்றியதும் பேச்சும் சிரிப்பும் சட்டென்று நின்றுவிடும். கீழே ஒரு குடும்பமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். வந்த புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு போட இரண்டு இடம் உண்டு. ஓட்டுக்கு அடியிலேயே, சரிவோடு சரிவாகக் கட்டிவிட்டால் மச்சும் வீட்டோடு சேர்ந்துவிடும், கட்டில் போட்டு ஆள் படுக்கலாம். மச்சின் தரையில் விரித்தால் கீழ் அறைகள் மட்டும் தப்பிக்கும், மச்சு அடுப்பாகக் கிடக்கும். இரண்டாவதில் செலவும் குறைவு, வேலையும் சுலபம். எங்கள் இன்ஜினியர் ஹைதராபாத்காரர். புது சைட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஊப்பர் ஆத்மி ரஹேகா?" மேலே ஆள் இருப்பானா? உண்டு என்றால் கூரைக்குப் பஞ்சு, இல்லையென்றால் தரைக்கு. அப்போது என் இந்தி அரைகுறை. ஆத்மி என் காதில் ஆத்மா என்று விழுந்தது. சிமென்ட் வாசம் போகாத வீட்டில், பட்டப்பகலில், படித்த மனிதர் ஒருவர் மேலே ஆத்மா இருக்குமா என்று கேட்டால் என்ன சொல்வது? "நயா கர் மே நஹி ரஹேகா, சார்" என்றேன். புது வீட்டில் எங்கிருந்து வரும் என்ற அர்த்தத்தில். "அச்சா" என்று தரைக்கே போடச் சொன்னார். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று, வேலை மட்டும் சரியாக நடந்தது.

சில வருடம் கழித்து நான் ஃபோர்மேன் ஆனேன். ஒருநாள் கூட வந்தவர்கள் எல்லாம் இறங்கிப் போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் மச்சின் கடைசி மூலையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு முதலாளி, எங்கள் வாயில் அர்பாப், ஏணியடியில் வந்து நின்று குரல் கொடுத்தார்: "ஃபோக் ஃபீ நஃபர்?" மேலே ஆள் உண்டா என்று அர்த்தம். நஃபர் என்றால் எங்களுக்குக் கூலியாளின் தலைக்கணக்கு. பஸ்ஸுக்கு இத்தனை நஃபர், ரூமுக்கு இத்தனை நஃபர். ஃபோர்மேன் எண்ணுகிறவன், எண்ணிக்கையில் வரமாட்டான். ஆட்கள் இறங்கியாயிற்றா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, இருட்டிலிருந்து பணிவாகப் பதில் சொன்னேன்: "மாஃபி நஃபர், அர்பாப்." மேலே யாருமில்லை என்று மேலேயிருந்தே ஒரு குரல். கீழே செருப்புச் சத்தம் வாசல்வரை ஓடியது. நான் இறங்கி வந்தபோது மனிதர் முற்றத்தில் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேய்க்குக் கால் உண்டா என்று நாம் பார்ப்போமே, அப்படி என் காலையே பார்த்தார்.

நாங்கள் தங்கும் கேம்ப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு நான் மட்டும் யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் என் வீடும் எழும்பியது. வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள் போனிலேயே கட்டிப்பார் என்று சொல்லவில்லை, நான் அப்படித்தான் கட்டினேன். ஊரெல்லாம் மாடி வைத்துக் கட்டும்போது வில்லா ஆசையில் சீமை ஓட்டுச் சரிவும், அடியில் பலகை உட்கூரையும் கேட்டேன். கொத்தனார் சிரித்தாராம். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கல்ஃப் கலாஸ், முடிந்தது என்று ஊர் திரும்பினால் அந்த மச்சு என் அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மிச்ச ஆயுசு. மனைவி செல்வியிடம் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பால் காய்ச்சி அவளும் மகளும் குடிபோனார்கள். பஞ்சை மட்டும் நான் லீவில் வந்து என் கையால் போடுவதாக ஏற்பாடு. கூரைக்கா, தரைக்கா என்று முடிவு செய்ய, இன்ஜினியரின் கேள்வியையே போனில் செல்வியிடம் கேட்டேன்.

"மேல ஆளு இருக்குமா?"

"மேல யாருங்க இருக்கப் போறா? நானும் பாப்பாவும்தான. கீழயே ஒரு ரூம்பு சும்மா கெடக்கு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்களை எண்ணினாள், அவ்வளவுதான். எனக்கு வலித்தது. நான் இருப்பேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"தரையிலயே போட்ருங்க. சத்தமும் கேக்காது."

"என்ன சத்தம்?"

"மத்தியானமானா மேல யாரோ நடக்குற மாதிரி இருக்கு. நின்னு நின்னு நடக்குது. எலின்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். எலி அப்புடி நடக்காதுங்க."

வெயிலில் ஓடு விரியும், அதுதான் சத்தம் என்றேன். அப்படி விரிவதும் உண்மைதான். ஆனால் கடிகாரத்தில் ஊர் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. அவர்கள் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் நான் சோஹாரில் யாரோ ஒருவர் வீட்டுக் கட்டைகளின் மேல் நின்று நின்று நடந்துகொண்டிருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

லீவில் போனேன். திருச்சியில் வாங்கிய பஞ்சுச் சுருள்களோடு ஒரு மத்தியானம் மச்சில் ஏறினேன். செல்விதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏறியதும் அடுப்படிக்குப் போனாள். உள்ளே படிந்திருந்த தூசியில் எலியின் கால்தடம்கூட இல்லை. அதுவரை நான் மதில்மேல் பூனைதான். கூரைக்குப் போட்டால் இது என் அறை, தரைக்குப் போட்டால் யாருக்கும் இல்லை. யோசித்தபடியே ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குக் காலை மாற்றினேன். கீழே பாத்திரச் சத்தம் நின்றது. எத்தனையோ வீடுகளில் கேட்ட அதே அமைதி, இப்போது என் வீட்டிலிருந்து மேலே வந்தது.

"அம்மா, மேல யாரு?" மகளின் குரல் தூக்கத்தில் இருந்தது.

"மேல யாரும் இல்லம்மா, தூங்கு" என்றாள் செல்வி.

நான் மேலே இருப்பது அவளுக்குத் தெரியும். பல மாதமாய்ச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. நான்தான் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பிள்ளை பயந்துவிடுவாளே என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு மூலையிலிருந்து ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து, ஏணி வரைக்கும் தரையில் பஞ்சை விரித்து முடித்தேன்.

திரும்பி வந்து சோஹாரில் பழையபடி வேலை. போன வாரம் செல்வி போனில் சொன்னாள்: "பஞ்சு போட்டும் சத்தம் போகலைங்க. மெதுவாத்தான் கேக்குது. பாப்பா இப்ப பயப்படுறதில்ல. அது நடந்தாத்தான் தூங்குது." பிறகு, "வெள்ளிக்கெழம மட்டும் வரமாட்டேங்குது. அன்னிக்குத் தூங்காம ஒரே அழுகை" என்றாள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு டூட்டி கிடையாது. அன்று மத்தியானம் கேம்ப்பில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். இந்த வாரம் நான் படுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு வரிசைக் கட்டில்களுக்கு நடுவே, நின்று நின்று நடந்தேன்.